மூச்சு வாங்கிய மாம்பழம்

போன மாதம் திருப்பதியில் கம்ப்யூட்டர் அனிமேஷன் சொல்லித்தருகிற ஒரு கல்லூரியில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அடிக்கிற வெயிலில் சால்வை! அங்கே படிக்கிற ஒரு பெண் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மேடம், இதப் பாருங்க. களிமண் பொம்மை மாதிரியே வருது. டைப் பண்ணா போதும்" என்றாள். பார்த்தேன். ஒரு களிமண் நாய் ஓடியது. அதன் முதுகில் விரல் ரேகை வேறு பதிந்திருந்தது. யாருடைய விரல் என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல மேடம், அதுவே போட்டுக்கும்" என்றாள்.

எங்கள் காலத்தில் பொம்மையில் ரேகை தெரிந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பஞ்சைச் சுருட்டித் தேய்த்துத் தேய்த்து அழிப்போம். இப்போது அதையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மேடையில் லைட் சூடு, கரண்டு கட், களிமண் இளகுவது என்று என்னவோ சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தப் பெண் விடவில்லை. வாசல்வரை கூடவே வந்து, "அந்த மாம்பழ விளம்பரம் நீங்க பண்ணதுதானாமே. அதப் பத்தி எழுதிக் குடுங்க மேடம், எங்க காலேஜ் மலர்ல போடறோம்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியே மாட்டிக்கொள்கிற ஜென்மம் நான். எழுதுகிறேன்.

என் பெயர் தேசம்மா. ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். புத்தூர் என்று சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "நீங்களும் எலும்பு கட்டுவீங்களா?" என்பதுதான். இல்லை சாமி. எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நான் பத்தாவது முடித்ததும் திருப்பதியில் சின்னம்மா வீட்டில் தங்கி, பல் செட் கட்டுகிற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் பல் செதுக்கிக் கொடுக்க வேண்டும். கடவாய்ப் பல்லின் மேடு பள்ளமெல்லாம் எனக்கு அப்போது மனப்பாடம்.

அங்கேதான் சலபதி சார் வந்தார். மெட்ராசில் சினிமாக் கேமராவுக்கு உதவியாளராக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, ஒரு பழைய கேமராவை வைத்துக்கொண்டு விளம்பரப் படம் எடுத்தவர். கட்டின பல் செட் கடிக்கிறது என்று சண்டை போட வந்தார். வந்த இடத்தில் நான் மெழுகைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் சண்டையை மறந்துபோனார்.

"ஏமம்மா, பொம்மை செய்வியா?"

"பல்லுதான் சார் செய்வேன்."

"பல்லு செய்யறவ பொம்மை செய்யலாம். பொம்மை செய்யறவங்களுக்குத்தான் பல்லு வராது" என்றார். அடுத்த மாதமே அவரிடம் வேலைக்குப் போய்விட்டேன்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாவு மில்லுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கட்டிடம். சார், நான், லைட்மேன் ஆறுமுகண்ணன், தேவைப்படும்போது வந்துபோகிற இரண்டு ஆட்கள். வேலை இதுதான்: கம்பியை முறுக்கிப் பொம்மைக்கு எலும்புக்கூடு செய்ய வேண்டும். அதன்மேல் காயாத எண்ணெய்க் களிமண்ணை அப்பி உருவம் பிடிக்க வேண்டும். பிறகு கையையோ தலையையோ ஒரு நெல் அளவு அசைத்துவிட்டு, நம் கையை எடுத்துவிட வேண்டும். கேமராவில் ஒரு படம். மறுபடி அசை, கையை எடு, படம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இப்படிச் செய்தால் திரையில் பொம்மை ஒரு தும்மல் தும்மும். அவ்வளவுதான்.

முதல் வருஷம் முழுக்க என்னை ஒரு களிமண் பந்தை மட்டும் உருட்டவைத்தார். நான் உருட்டுவேன், சார் படம் எடுத்து மெட்ராசுக்குக் கழுவ அனுப்புவார், வந்ததும் திரையில் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. "எடை எங்கம்மா?" களிமண் பந்துக்கு எங்கிருந்து எடை வரும்? பந்து இரும்பாகவும் தெரிய வேண்டும், பஞ்சாகவும் தெரிய வேண்டும், எல்லாம் நான் அசைக்கிற அசைவில்தான் இருக்கிறது என்று புரிவதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

சாருக்குச் சத்தம் போடத் தெரியாது. தமிழும் தெலுங்குமாகக் கலந்து மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். சாதாரண நாளில் நான் தேசம்மா. "தேசம்மா காரு, கொஞ்சம் இலா, இப்படி வாங்க" என்று பெயருக்குப் பின்னால் 'காரு' ஒட்டினால் போச்சு, தொலைந்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, "இது ஏன் இப்படி ஆச்சுங்க?" என்று கேட்பார். 

படம் எடுக்கிற அறைக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தார். செருப்பு வெளியே. ஃபேன் கிடையாது, ஜன்னல் கிடையாது. வளையல் பொம்மையில் இடித்துவிடும் என்று கழற்றச் சொல்லிவிட்டார். அதனால் என் மாமியார் என்னோடு பேசாமல் இருந்த காலம் உண்டு. "புருஷன் வெளிநாட்டுல கீறான், இவ மொட்டைக் கையோட நிக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார்.

என் வீட்டுக்காரர் என் அத்தை மகன்தான். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊர் வரதய்யபாளையம் பக்கம். எங்கள் மகள் சுமதி பிறந்த பிறகு டிரைவர் வேலைக்குக் குவைத் போனார். அப்போது எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் குவைத்தில் இருந்தார்கள். நானும் சுமதியும் திருப்பதியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அவர் அங்கே வெயிலில் வெந்து ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வாங்கினார். அதைச் சின்ன விஷயமாகச் சொல்லமாட்டேன். பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவன் வரப்பில் கைகட்டி நின்ற குடும்பம். முதல்முதலாகத் தன் பெயரில் நிலம். பத்திரம் ஆன அன்றைக்கு என் அத்தை அந்த மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு அழுதார்.

வீட்டு ஓனரம்மாவின் போனுக்கு மாமா வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவார். அந்த வருஷம் பேச்செல்லாம் ஒரே பேச்சுதான்.

"நம்ம பேர்ல நெலம் கீது தேசம். அதுல நிக்க ஒரு ஆள் வேணாமா? அம்மாவால முடியல. நீ அங்க மண்ணு பிசைஞ்சிக்கினு உக்காந்திருந்தா எப்டி?"

"இதுவும் வேலைதான் மாமா."

"இன்னா வேலை? உம் பொண்டாட்டி திருப்பதில இன்னா பண்றான்னு இங்க கூட இருக்கறவங்க கேக்கறாங்க. பொம்மை வெச்சி ஆடறான்னு சொல்றதா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தீபாவளிக்கு நான் பண்ற விளம்பரம் ஒண்ணு டிவில வருது. நீ லீவுல வர்ற இல்ல, வந்து கண்ணால பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு" என்றேன்.

 "சரி, வரட்டும். பாக்கறேன். பாத்துட்டுப் பேசலாம். வரலைன்னா மூட்டையைக் கட்டு" என்றார்.

அந்தப் 'பேசலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதன் பிறகு வேலை செய்தேன். படம் தீபாவளிக்கு வந்தால் நான் இருப்பேன். வராவிட்டால் ஏரிக்குக் கீழே நாற்று நடப் போக வேண்டியதுதான். நாற்று நடுவது கேவலம் என்று சொல்லவில்லை. நான் அதில் பிறந்தவள்தான். ஆனால் பந்துக்கு எடை வரவழைக்கக் கற்ற கையை என்ன செய்வது?

படம் சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலை ஒன்றுக்கு. அதுவரை கூழை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கூல்டிரிங்க் எல்லாம் பெட்டிக்கடைவரை வந்து இறங்கவும், ஆலை முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனே இங்கே வரும்போது நாமே ஏன் பாட்டில் போடக்கூடாது என்று ஜூஸ் போட்டார். எங்களைக் கூப்பிட்டு, "ஒரு மாம்பழம் நடந்து வந்து நம்ம ஜூஸைக் குடிக்கணும்" என்றார்.

"மாம்பழம் மாம்பழத்தையே குடிச்சா, தன்னைத் தானே துன்றாப்பல இருக்காதா சார்?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"தேசம்மா காரு, கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் சலபதி சார்.

முதலாளி ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தம்மா சொல்றது நியாயம்" என்றார். கடைசியில், மாம்பழம் தன்னைவிட உயரமான ஒரு பாட்டிலைச் சுமந்து படியேறி, மேலே உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுப்பதாக முடிவாயிற்று. நடுப்படியில் கால் சறுக்கும், சமாளித்து ஏறும். இடையில் எங்கேயும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்றார் சார். வெட்டினால் சுமை குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஆலை முற்றத்தில் மாம்பழம் அடுக்கின கிரேடுப் பெட்டி தூக்குகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். தூக்குவதற்கு முன்னால் உடம்பு கொஞ்சம் கீழே இறங்குகிறது, மூச்சு வெளியே போகிறது. தலையில் ஏற்றியதும் முதல் அடி முன்னால் விழுவதில்லை, பக்கவாட்டில் விழுகிறது. சார் என்னையும் ஒரு கிரேடு தூக்கச் சொன்னார். "இன்னாம்மா, பட்டணத்துப் பொண்ணுக்குப் பழம் கனக்குதா?" என்று அந்தப் பெண்கள் சிரித்தார்கள். பட்டணமாம்! முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தேன்.

பிறகு படப்பிடிப்பு. மாம்பழத்தின் மூக்கு நுனியைத் தொடுகிற மாதிரி முள் மாதிரிக் கூரான ஒரு கம்பியை நிறுத்துவேன். பொம்மையை அசைத்ததும் முள்ளுக்கும் மூக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். சரியாக இருந்தால் முள்ளை எடுத்துவிட்டு "ஊம்" என்பேன். சார் ஒரு படம் எடுப்பார். மேசையைத் தரையோடு ஆணி அடித்திருந்தோம். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, மேலே மணல் மூட்டை வைத்திருந்தோம். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் திரையில் ஊரே குதிக்கும். லைட் சூட்டில் மண் இளகாமல் இருக்க மேசைக்கு அடியில் தொட்டியில் ஐஸ். பக்கத்து மில் ஓட ஆரம்பித்தால் லைட் மங்கும், தரை அதிரும். ஆகவே மில்காரர் சுவிட்ச் போடுமுன் தகரத்தைத் தட்டுவார். தட்டினால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தர் வீட்டு மிளகாய் அரைபடுகிறவரைக்கும் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மாம்பழம் நடுப்படிக்கு ஏறி நின்றபோது ஆயுத பூஜை வந்தது.

சார் முன்னெச்சரிக்கையாகத்தான் இருந்தார். கத்தி, கட்டிங் பிளேயர், மாற்று லைட் எல்லாவற்றையும் வராந்தாவில் பரப்பி அங்கேயே பூஜை போட்டு, பொரி கடலை கொடுத்து, "செட்டு ரூம் பக்கம் யாரும் போகக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் ஆறுமுகண்ணன் மனசு ஆறவில்லை. சத்தியவேட்டுக்காரர், தெய்வ பக்தி அதிகம். அந்தக் கோடையில் ஒரு பல்பு வெடித்து அவர் நெற்றியில் கண்ணாடி கிழித்திருந்தது. போன வருஷம் லைட்டுக்குப் பூஜை போடாததுதான் காரணம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். தொட்டியில் ஐஸ் மாற்றுவதற்காகச் சாவி அவரிடம் இருந்தது.

மறுநாள் காலையில் நான்தான் கதவைத் திறந்தேன். கற்பூர வாசனை வந்தது. கேமராவுக்குச் சாமந்தி மாலை. லைட்டுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மாம்பழத்துக்கு நெற்றியில் பொட்டு. மேல்படியில் இருந்த களிமண் பெண்ணுக்கும் பொட்டு. மணல் மூட்டைகளை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அடியில், புது லாரிக்கு வைக்கிற மாதிரி, காலுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

எனக்குப் பின்னாலேயே ஆறுமுகண்ணன் வந்து நின்றார். முகமெல்லாம் பூரிப்பு. "எப்டிம்மா கீது? மனசுக்கு இப்பதான் திருப்தி" என்றார்.

"ஐயோ அண்ணா, என் குடியக் கெடுத்துட்டியே!" என்று கத்திவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

சார் வந்தார். கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆறுமுகம் காரு, உட்காருங்க."

அண்ணன் முகத்திலிருந்த பூரிப்பு அப்போதுதான் வடிந்தது.

"எலுமிச்சம்பழம் எதுக்குங்க?"

"வண்டிக்கு வெக்கறது தானே சார்."

"வண்டிக்கு வெச்சா மேல ஏத்தி நசுக்குவாங்க இல்லீங்களா?"

"இது நகராதே சார். அதான் அப்டியே வுட்டுட்டேன்" என்றார் ஆறுமுகண்ணன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அது அழுகையாகிவிட்டது. ஸ்டாண்டை இறக்கிப் பழைய வட்டத்தில் நிறுத்தினாலும் பழைய பார்வை வராது. பொட்டைத் துடைத்தால் நெற்றி மாறும். அதுவரை எடுத்த அத்தனையும் போயிற்று. முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஹைதராபாத் டிவிக்கு டேப் போய்ச்சேர வேண்டிய நாளுக்குள் ஏறி முடிக்கவும் வேண்டும். மாமாவின் விமான டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

சார் ஆறுமுகண்ணனை வேலையை விட்டு அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. குனிந்து மூன்று எலுமிச்சம்பழத்தையும் எடுத்தார். வராந்தாவில் பூஜைக்கு வைத்த கத்தியால் அரிந்தார். சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலக்கி எங்கள் மூன்று பேருக்கும் டம்ளரில் ஊற்றினார். "நல்ல பழம். வீணாக்கக் கூடாது" என்றார். ஆறுமுகண்ணன் அதை அழுதுகொண்டே குடித்தார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சார் தன் விரல்களை நீட்டிப் பார்த்தார். அதற்கு ஒரு வருஷம் முன்பே அவருக்கு விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. மண்ணைத் தொடுகிற வேலை முழுக்க என்னுடையது என்று ஆகியிருந்தது. "தேசம்மா, முடியுமா?" என்றார். காரு போடவில்லை.

"முடியும் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுபடி முதல் படி. ஆறுமுகண்ணன் அறைவாசலில் காவல் நின்றார். மில்காரரிடம் கையைக் காலைப் பிடித்துப் பகலில் மிளகாய் அரைப்பதை நிறுத்திவைத்தார். நான் காலையில் சுமதியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக வருவேன். குனிந்தே நின்று இடுப்பு மரத்துப்போகும். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. புத்தூர்க்காரி கையில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்ததை எங்கள் ஸ்டுடியோவில் எல்லோரும் கேலி செய்தார்கள், எனக்கும் ஒருவேளை அப்போது கேலி வேண்டியிருந்தது. மாம்பழத்தைப் பார்த்தாலே வெறுப்பாக வந்தது. உனக்கென்னடி, நான் தூக்கினால் ஏறுகிறாய், என்னைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்று அதை வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

நடுப்படி வந்தது. சறுக்கியதும் சட்டென்று சமாளித்து எழ வேண்டும் என்பதுதான் திட்டம். முதல் தடவை அப்படித்தான் செய்யப் போனேன். இந்தத் தடவை சறுக்கிய மாம்பழத்தை எழுப்ப எனக்குக் கை வரவில்லை. படியிலேயே உட்காரவைத்தேன். பாட்டிலை மடியில் சாய்த்துக்கொண்டு அது மூச்சு வாங்கட்டும் என்று விட்டேன். மூச்சு என்றால் சும்மா வராது. உள்ளே இழுக்கும்போது வயிற்றில் மெல்லிசாக ஒரு பூச்சு மண் ஏற்ற வேண்டும், படம். இன்னொரு பூச்சு, படம். விடும்போது அதைப் பூச்சு பூச்சாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பல் சுரண்டிய கத்தியால்தான் சுரண்டினேன். பெரிதாக இரண்டு மூச்சு, சின்னதாக ஒன்று. பிறகு அது யாரையும் பார்க்காமல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"இது பிளான்ல இல்லையேம்மா" என்றார் சார்.

"முடியல சார். அதான் அதுவும் உக்காந்துடுச்சி."

சார் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "இருக்கட்டும். எடை வந்துடுச்சி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு அடுத்த அசைவுக்கு முள்ளை வைத்தேன்.

டேப் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமாவும் வந்து சேர்ந்தார். பெரிய பெட்டி, சென்ட் வாசனை, சுமதிக்குப் பேசுகிற பொம்மை. தீபாவளிக்கு முதல் நாள் சாயந்திரம் ஓனரம்மா வீட்டு டிவி முன்னால் காம்பவுண்டில் இருந்த அத்தனை குடித்தனமும் உட்கார்ந்திருந்தது. மாமாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சினிமாவுக்கு நடுவில் வந்தது. மாம்பழம் பாட்டிலைத் தூக்கியது, ஏறியது, சறுக்கியது, உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

நான் டிவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். வாய்விட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். "ஐயே, எப்டி மூச்சு வாங்குது பாரேன்! கிழங்கட்ட மாதிரி!" என்றார். பக்கத்திலிருந்தவரைத் தட்டி, "எங்க வீட்ல பண்ணதுங்க இது. எங்க வீட்டு ஆளு" என்றார். படம் முடிவதற்குள் மறுபடி எப்போது போடுவான் என்று கேட்டார். சுமதி எல்லோர் மடியிலும் ஏறி ஏறிக் குதித்தாள். ஓனரம்மா என் வீங்கிய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.

அறைக்கு வந்து சோறு போட்டேன். கறிக்குழம்பு. ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நல்லா கீது தேசம். நெஜமாத்தான் சொல்றேன். நான் இன்னாவோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கண்ணால பாத்துட்டேன். இனிமே ஒருத்தன் உன்னைக் கொறை சொல்ல முடியாது. கௌரவமா வுட்டுட்டு வந்துடலாம்."

"வுட்டுட்டா?"

"பின்ன? பேர் எடுத்தாச்சு இல்ல? பெரிய வேலை ஒண்ணு பண்ணிக் காட்டிட்ட. போதும். அம்மா கிட்டயும் சொல்றேன், உன் மருமவ சும்மா இல்லம்மான்னு. பண்டிகை முடிஞ்சி ரூமைக் காலி பண்ணிட்டு, நீயும் பாப்பாவும் ஊருக்கு வந்துடுங்க."

அவர் குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். படம் மோசமாக இருந்தால் ஊருக்குப் போக வேண்டும், நன்றாக இருந்தாலும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்துவிட்டுப் பேசலாம் என்றுதானே சொன்னார்? இருக்கலாம் என்று அவர் எப்போது சொன்னார்? நான்தான் அந்தச் சொல்லுக்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டு குடியிருந்திருக்கிறேன். அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

"நான் வரல மாமா" என்றேன்.

"இன்னா?"

"நெலத்தைக் குத்தகைக்கு வுடு. அத்தையை இங்க கூட்டினு வா, நான் பாத்துக்கறேன். வேலையை வுடமாட்டேன்."

"எதுக்கு? இன்னொரு மாம்பழம் பண்றதுக்கா?"

"ஆமா. இன்னொரு மாம்பழம் பண்றதுக்குத்தான்."

 அந்தப் பண்டிகை எங்கள் வீட்டில் யாருக்கும் பண்டிகையாக இல்லை. சுமதி மத்தாப்பைத் தனியாகக் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் நடந்தது. நிலத்தை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். மாமா மறுபடி குவைத் போனார். போன் வருவது குறைந்து, பிறகு சுமதியோடு மட்டும் பேசுவார். சலபதி சார் இருந்தவரைக்கும் அவரிடம் இருந்தேன். அவருக்குப் பிறகு ஹைதராபாத்துக்கும் திருப்பதிக்குமாக அலைந்தேன். கம்ப்யூட்டரும் கொஞ்சம் படித்தேன். என்னென்னவோ பொம்மை நடந்தது. மாமா இப்போது வரதய்யபாளையத்தில்தான் இருக்கிறார். நல்லது கெட்டதுக்குப் போவேன், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். நிலம் நன்றாக விளைகிறது. நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொள்வதில்லை. களைத்துவிட்டேன்.

ஒரு காலைப்பொழுது மட்டும் இன்னும் கண்ணில் அப்படியே இருக்கிறது. பண்டிகை முடிந்த மறுநாள். புது வேலை ஒன்று வந்திருப்பதாக சார் சொல்லி அனுப்பியிருந்தார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். மாமா பெட்டியைப் பூட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீ வேலைக்குப் போய்ட்டு சாயங்காலம் வர்றப்ப நான் இருக்கமாட்டேன்" என்றார்.

நான் நின்றுவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் ஒரு நிமிஷம் நின்றுதான் பார்த்தேன். கால் அங்கேயே நின்றுவிடுகிற மாதிரிதான் இருந்தது.

"சோறு மூடி வெச்சிருக்கேன் மாமா. துன்னுட்டுப் போ" என்றேன்.

படியிறங்கி பஸ் ஏறினேன். அழவில்லை என்று எழுதினால் பொய். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் அழுதேன். மில் ஸ்டாப் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வேலைக்குப் போனேன்.